தளும்பாமல் நடப்பது

மனத்தை நிகழ்கணத்தில் நிறுத்தும் பயிற்சி என்றதும், கண்களை மூடிச் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் உருவமே பெரும்பாலோரின் நினைவுக்கு வருகிறது. ஆனால் இப்பயிற்சிக்கு மூலமாகக் கொள்ளப்படும் பாலி மொழிப் பௌத்த நூல்கள் நடத்தல், நிற்றல், அமர்தல், கிடத்தல் ஆகிய நான்கு நிலைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகின்றன. முன்னே செல்வது, திரும்பி வருவது, கையை மடக்குவது, நீட்டுவது, உடுத்துவது, உண்பது என அன்றாட அசைவுகள் அனைத்தையும் பயிற்சிக் களமாகக் கொள்கின்றன. அந்நூல்களில் வரும் ‘சதி’ என்ற சொல், தமிழில் சூழ்ச்சியைக் குறிக்கும் சதியோடு தொடர்பில்லாதது. வடமொழி ஸ்மிருதியின் பாலி வடிவமான அதற்கு நினைவு என்பதே நேர்ப்பொருள். செய்துகொண்டிருக்கும் செயலை அதைச் செய்யும்போதே மறவாதிருத்தல் என்று அதனை விரித்துக்கொள்ளலாம். இதற்குத் தற்காலத் தமிழில் பல சொற்கள் வழங்கினாலும், இக்கட்டுரை ‘விழிப்புநிலை’ என்ற சொல்லையே கையாள்கிறது.

இச்சொற்கள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே தமிழ் வீடுகளில் வேறொரு சொல் இருந்துவருகிறது. கொதிக்கும் குழம்புச் சட்டியை இறக்கும் பேத்தியிடமும், மழையில் நனைந்த படிக்கட்டில் கால்வைக்கும் முதியவரிடமும் சொல்லப்படும் ‘நிதானம்’ என்ற சொல், வேகத்தின் அளவையும் மனத்தின் நிலையையும் ஒருங்கே குறிக்கிறது. குடித்தவன் நிதானம் இழந்தான் என்னும்போது அவன் கால் தடுமாறியதும் அறிவு தடுமாறியதும் தனித்தனியே சொல்லப்படுவதில்லை. உடலின் நடையும் உள்ளத்தின் நடையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பவை என்ற அறிதல் இச்சொல்லின் உள்ளேயே உறைந்திருக்கிறது. அந்த நிதானத்தை அசைவின் வழியாகப் பழக்கும் முறைகள் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு எட்டாத தொலைவில் இல்லை. அவை அவர்களின் கோயில் பிராகாரத்திலும், நடன வகுப்பிலும், சிலம்பத் திடலிலும், தாத்தா பாட்டியர் வேலை செய்த பால்மரக் காட்டின் நினைவிலும் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் போட்டியாகவும் சான்றிதழாகவும் காணொளியாகவும் மட்டுமே பார்க்கும் பழக்கம் பரவிவருவதால், அவற்றின் உட்பொருள் கண்ணெதிரிலேயே நழுவிக்கொண்டிருக்கிறது.

இது ஓய்வுநேரத்துத் தத்துவப் பேச்சு அன்று என்பதற்கு மலேசியாவின் உடல்நலக் கணக்கே சான்று. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது, 29.9 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாமல் வாழ்கின்றனர்; 4.6 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கின்றனர். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு மிகுதியாகக் காணப்பட்டவர்கள் இந்தியர்களே. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையிலோ கொம்யூட்டர் ரயிலிலோ அன்றாடம் சென்று திரும்பும் ஒருவரின் உடல் நாளின் பெரும்பகுதி இருக்கையில் அடங்கிக் கிடக்க, அவர் மனமோ கைப்பேசித் திரையில் நிமிடத்துக்கு நிமிடம் இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2,250 பேரின் அன்றாட நினைவோட்டத்தைக் கைப்பேசி வழியே தொடர்ந்து கேட்டறிந்து, 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காட்டைச் செய்யும் வேலையிலிருந்து விலகிய நினைவுகளில் கழிக்கின்றனர். அவ்வாறு விலகிய வேளைகளில் அவர்கள் மகிழ்ச்சி குறைந்தவர்களாகவே இருந்திருக்கின்றனர். ஆகவே, உடலை அசைக்கவும் மனத்தை நிறுத்தவும் தனித்தனி நேரம் கண்டுபிடிக்க இயலாத ஒரு நகரத்தில், இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யும் வழி எது என்ற கேள்வி நடைமுறைக் கேள்வியாகிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சின் ஜாலான் பெர்ஹாலா என்ற தெருவில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. பெர்ஹாலா என்ற மலாய்ச் சொல்லுக்கு வழிபடும் சிலை என்று பொருள். அத்தெருவில் 1894இல் சிங்களச் சமூகத்தாரின் முயற்சியால் தோன்றிய பௌத்த மகா விகாரம் ஒருபுறமும், 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் உருவான நுண்கலை ஆலயம் மற்றொருபுறமும் இயங்குகின்றன. இலங்கையிலிருந்து 1952இல் வந்து, 2006இல் மறையும்வரை மகா விகாரத்தின் தலைமைத் துறவியாக இருந்த கே. ஸ்ரீ தம்மானந்தர், எளிய ஆங்கில நூல்கள் வழியாகப் பௌத்தத்தைப் பல இனத்தவரிடமும் கொண்டுசேர்த்தார். பௌத்தம் தமிழருக்கும் இந்த மண்ணுக்கும் இடையில் புதிதாக முளைத்த உறவு அன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்: 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாக அளித்தான், அந்தக் கடாரமே இன்றைய கெடா.

தேரவாதப் பௌத்த மரபில் நடைத் தியானத்துக்கு ‘சங்கமம்’ என்ற பாலிச் சொல் வழங்குகிறது; கூடுதல் என்ற பொருளில் தமிழில் வழங்கும் சங்கமம் வேறு, இது வேறு. இருபது முப்பது அடி நீளமுள்ள பாதையொன்றைத் தேர்ந்துகொண்டு, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, நின்று, திரும்பி, மீண்டும் நடப்பதே அதன் முறை. பர்மாவின் மகாசி சயாதவ் பரப்பிய பயிற்சியில் கால் எழுவது, நகர்வது, ஊன்றுவது ஆகியவை தனித்தனியே மனத்தால் குறித்துக்கொள்ளப்படும். அமர்தலும் நடத்தலும் மாறிமாறி வரும். நடைத் தியானத்தால் வரும் ஐந்து நன்மைகளைப் பாலி நூல்கள் சொல்லும்போது, பயணத்துக்கு உடல் தகுதி பெறும், முயற்சிக்கு வலு வரும், நோய் குறையும், உண்டது செரிக்கும், அதில் கிடைத்த ஒருமை நெடுநேரம் நிலைக்கும் என்று உடலையும் மனத்தையும் ஒரே பட்டியலில் வைப்பது கவனிக்கத்தக்கது.

இதைப் படிக்கும் தமிழருக்கு அடிப்பிரதட்சணம் நினைவுக்கு வராமல் இராது. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து, இடைவெளி விடாமல் அடியடியாக அளந்து பிராகாரத்தை வலம்வரும் அந்த நேர்த்திக்கடன், கிள்ளான் பெருமாள் கோயிலானாலும் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலானாலும் எவரும் செய்யக்கூடியது. இருநூறு அடி நீளமுள்ள பிராகாரத்தைச் சாதாரண நடையில் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். அடியளந்து கடக்க அதைப்போல் பலமடங்கு நேரமாகும், அந்நேரத்தில் உள்ளங்கால் கருங்கல்லின் சூட்டையும் குளிர்ச்சியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஒவ்வோர் அடியிலும் அறிந்துகொண்டே செல்லும். கவனம் சிதறிய கணத்தில் குதிகாலுக்கும் விரலுக்கும் இடையில் இடைவெளி விழும். அதைக் கண்டு சொல்ல வேறொருவர் தேவையில்லை.

இந்த இடைவெளியில்தான் இக்கட்டுரையின் மையக் கருத்து இருக்கிறது. எந்த அசைவும் தன்னளவில் விழிப்பைத் தந்துவிடுவதில்லை. பலமுறை செய்யப்பட்ட செயலை மூளை பழக்கத்தின் பொறுப்பில் விட்டுவிடுவதால், கால் தன்போக்கில் நடக்க மனம் தன்போக்கில் அலையும். உடற்பயிற்சிக் கூடத்தின் ஓடுபொறியில் ஒரு மணி நேரம் ஓடி, எதிரே உள்ள திரையில் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தவருக்கு இதயம் வலுப்பட்டிருக்கும், ஆனால் கவனம் எதையும் கற்றிருக்காது. கவனம் தவறிய அடுத்த நொடியே அதைக் காட்டிக்கொடுக்கும் அசைவே விழிப்பைக் கற்பிக்கிறது. பாலி நூலான சம்யுத்த நிகாயத்தில் உள்ள எண்ணெய்ப் பாத்திர உவமை இதையே காட்டுகிறது: நாட்டிலேயே பேரழகி ஒருத்தி ஆடிப் பாடும் இடத்தில் திரண்ட கூட்டத்தின் நடுவே, விளிம்புவரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தை ஒருவன் சுமந்து நடக்க வேண்டும், உருவிய வாளுடன் பின்னால் வருபவன், ஒரு துளி சிந்தினாலும் அவன் தலையை வெட்டிவிடுவான். அங்கே எண்ணெய்ப் பாத்திரம் என்பது உடலைப் பற்றிய விழிப்பு. வாளின் அச்சத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், தளும்பும் பொருளொன்றைத் தளும்பாமல் கொண்டுசெல்லும் கலையாகவே அசைவுவழி விழிப்பு அங்கே புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது.

தளும்பாமல் சுமந்த மக்கள் இந்த மண்ணில் வாழ்ந்தார்கள். கிள்ளானைச் சுற்றி இன்று தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கும் இடங்களில், பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு விடியலுக்கு முன்பே நிரைக்குள் நுழைந்த பால்வெட்டுத் தொழிலாளரின் வேலையை நெருங்கிப் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தின் பால் ஓடும் நுண்குழாய்கள் மென்பட்டையில், வளர்படலத்தை ஒட்டிய பகுதியில் செறிந்திருக்கின்றன. வளர்படலம் என்பது புதிய பட்டையையும் மரத்தையும் உண்டாக்கும் மெல்லிய உயிரடுக்கு. கத்தி அந்த அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பாக நிற்க வேண்டும்: நிற்காமல் ஆழ்ந்தால் மரம் காயப்பட்டு, பின்னாளில் அங்கே முண்டும் முடிச்சுமான பட்டையே வளரும், மேலோட்டமாக நின்றுவிட்டால் பால் குறையும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எச். என். ரிட்லி, 1890களில் ஒரே வெட்டுவாயை மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பத் திறக்கும் முறையை வகுத்தார் என்பது தாவரவியல் வரலாறு. அந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில், தலைவிளக்கின் சிறு வட்ட ஒளியில், மரத்துக்கு மரம் மாறும் பட்டையின் தடிப்பை மணிக்கட்டால் அறிந்து, ஒரு காலையில் நானூறு ஐந்நூறு மரங்களில் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களும் ஆண்களும்.

வெட்டும்போது உடல் நிற்பதில்லை. உயரத்திலிருந்து சாய்வாக இறங்கும் வெட்டுவாயோடு கத்தி இறங்க, கால்களும் மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் சிற்றடிகளாக நகர வேண்டும். கை தனியே இழுத்தால் வெட்டு கோணும். சீவல் ஒரே இழையாகச் சுருண்டு விழுந்ததா, துண்டுதுண்டாகத் தெறித்ததா என்பதே அந்த நொடியின் கவனத்துக்குச் சான்று. முந்தைய வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, பால் சேரும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைத்து, வெட்டி, பால் வழிந்து மங்கில் விழுவதைப் பார்த்துவிட்டு அடுத்த மரம். வெயில் ஏறியபின் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இருமுனையிலும் நிறைவாளிகளைத் தொங்கவிட்டு, வேரும் வழுக்கலும் மேடுபள்ளமுமான பாதையில் பால் ஸ்டோர்வரை நடக்க வேண்டும். வாளியின் ஆட்டத்துக்கும் நடையின் தாளத்துக்கும் இசைவு தவறினால் பால் தரையில். தரையில் சிந்திய பாலுக்குக் கிராணியின் கணக்கில் காசு இல்லை. எண்ணெய்ப் பாத்திர உவமையில் வாள் செய்யும் வேலையை இங்கே கூலி செய்தது.

இதனாலேயே இந்த நினைவைப் பொன்முலாம் பூசிப் பேசுவது தவறாகும். விரும்பி ஏற்கும் பயிற்சியையும் வயிற்றுக்காக ஏற்ற உழைப்பையும் ஒன்றாக்கிவிட முடியாது. தோட்டத்தில் தொழிலாளியின் உடல் எப்போது குனிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் துரையும் தண்டலும் தீர்மானித்தார்கள்; துரை எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. 1941இல் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாக நடந்த வேலைநிறுத்தங்களில், கூலி உயர்வோடு, சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. காலனி அரசு நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தியதோடு, படையைக் கொண்டும் அப்போராட்டத்தை ஒடுக்கியது. தன் உடல் தன் விருப்பப்படி அசைய வேண்டும் என்று கேட்ட அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு, அசைவைத் தன்வசமாக்கும் பயிற்சி என்பது வசதிபடைத்தோரின் பொழுதுபோக்காகத் தோன்ற வேண்டியதில்லை. அவர்களின் முன்னோரிடம் இருந்த கைத்தேர்ச்சியை மதிப்பதும், அத்தேர்ச்சியைப் பிழிந்த அமைப்பை மறவாதிருப்பதும் ஒருசேரச் செய்யத்தக்கவையே.

மீண்டும் ஜாலான் பெர்ஹாலாவுக்கு வரலாம். நுண்கலை ஆலயத்தைப் போன்ற அமைப்புகளிலும், பெட்டாலிங் ஜெயா முதல் கிள்ளான்வரை வீட்டு முன்கூடங்களிலும் பரதநாட்டியம் கற்கும் குழந்தை முதலில் பழகுவது தட்டடவு. முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்கும் அரைமண்டி நிலையில், பாதத்தைத் தூக்கி முழு உள்ளங்காலும் ஒரே ஓசையாகத் தரையைத் தொடும்படி தட்டுவதே அது. ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டுமனையில் தாளத்தைக் காட்டி, வாயால் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டிருப்பார். தாளத்துக்கு ஒரு தட்டு வீதம் முதற்காலம், இரண்டு வீதம் இரண்டாங்காலம், நான்கு வீதம் மூன்றாங்காலம். பார்வையாளருக்கு மூன்றாங்காலமே கடினமாகத் தெரியும். ஆனால் குழந்தை தடுமாறுவது பெரும்பாலும் முதற்காலத்தில்தான். தூக்கிய கால் அந்தரத்தில் காத்திருக்கும் அந்த நீண்ட இடைவெளியில் தொடை நடுங்கும், இடுப்பு மேலே எழப் பார்க்கும், கண் சுவரிலுள்ள கடிகாரத்துக்குப் போகும், மனம் வகுப்பு முடிந்ததும் கிடைக்கப்போகும் தின்பண்டத்துக்குப் போகும். வேகம் மறைத்துவிடும் குறைகளை விளம்பம் வெளியே கொண்டுவருகிறது. காலம் மாறும் ஒவ்வொரு முறையும் பழக்கத்தின் பிடி தளர்ந்து கவனம் மீண்டும் அழைக்கப்படுவதால், மூன்று காலப் பயிற்சி விழிப்பைத் தூங்கவிடாத ஏற்பாடாகவும் இருக்கிறது. கை, கண், மனம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் ஒழுங்கை நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் பேசுவது அபிநயத்தைப் பற்றியே என்றாலும், அந்த ஒழுங்குக்கான நிலம் தட்டடவிலேயே பண்படுத்தப்படுகிறது.

இன்றைய நடைமுறையில் மிகுந்த அக்கறையோடு திருத்தப்பட வேண்டியது இந்த இடமே. சலங்கை பூஜைக்கும் அரங்கேற்றத்துக்கும் நாள் குறித்துவிட்டு உருப்படிகளை விரைந்து ஏற்றும் அவசரத்தில் முதற்காலம் சுருங்கிவிடுகிறது. சுவர்க்கண்ணாடியும் கைப்பேசிக் காணொளியும் குழந்தையின் கவனத்தை உடலின் உள்ளிருந்து அதன் வெளித்தோற்றத்துக்கு இடம்மாற்றிவிடுகின்றன. தான் எப்படித் தெரிகிறோம் என்று பார்ப்பதும், தன் கால் எங்கே இருக்கிறது என்று உணர்வதும் முற்றிலும் வேறான இரண்டு வேலைகள். இரண்டாவதற்கு உடலியலில் பெயரே உண்டு: தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள் உடலுறுப்புகளின் நிலையைக் கண்ணின் துணையின்றி மூளைக்கு அறிவித்துக்கொண்டிருக்கும் திறனை ‘உடல்நிலை உணர்வு’ என்பர், ஆங்கிலேய உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906இல் அதற்குத் தனிப்பெயர் இட்டார். கண்ணாடியைத் திரையிட்டு மூடிவிட்டு வாரத்தில் ஒரு வகுப்பையாவது நடத்தினால் குழந்தைக்குள் வளர்வது இந்த உணர்வே. சிலம்பத்தில் இதற்குத் தனி ஏற்பாடே தேவைப்படுவதில்லை; காலடி வரிசைகளைத் தனியே பழகியவர் எதிராளியுடன் கம்பு கோக்கும்போது, மனம் விலகிய நொடியை முழங்கையில் விழும் அடி அறிவித்துவிடும்.

எந்த அசைவும் தன்னளவில் விழிப்பாகிவிடாது என்ற எண்ணத்தைப் பத்துமலை முருகன் கோயிலில் இன்னும் கூர்மையாக்கிக்கொள்ளலாம். 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. ஜாலான் துன் எச். எஸ். லீயிலுள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தின் பின்னே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவை வெறுங்காலில் நடந்து, 272 படிகளை ஏறும் கூட்டத்தில் இருவகை மனநிலைகளைக் காணலாம். அலகு குத்திக் காவடி எடுப்போரில் சிலர் உறுமி மேளத்தின் ஓசையில் அருள் வந்து ஆடுகின்றனர். அங்கே தன்னுணர்வு கரைந்துவிடுகிறது. மொரிசியஸ் தமிழரின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த திமித்ரிஸ் சிகலாட்டாஸ் குழுவினர், அதில் பங்கேற்றோரின் உடல்நலம் கெடவில்லை என்றும், அவர்கள் தங்கள் மனநலம் மேம்பட்டதாகவே உணர்ந்தனர் என்றும் 2019இல் எழுதியிருக்கின்றனர். ஆகவே அருளாட்டத்தைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அது விழிப்புநிலை அன்று. வேறொரு வகையான விடுதலை.

விழிப்புநிலையைப் பார்க்க வேண்டுமானால் அதே படிகளில் பால்குடம் எடுத்து ஏறும் பெண்களைப் பார்க்க வேண்டும். குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தாலும் உள்ளே பால் அலைந்துகொண்டே இருக்கும். படி ஏற உடல் ஒருபக்கம் சாய்ந்ததும் அந்த அலை மறுபக்கம் திரண்டு வந்து கழுத்தில் இடிக்கும். செங்குத்தான படிகள், சிந்திய பாலாலும் நீராலும் வழுக்கும் விளிம்புகள், முன்னால் திடீரென நின்றுவிடும் கூட்டம், பக்கவாட்டில் தாவும் குரங்குகள் ஆகிய அனைத்தின் நடுவே அப்பெண் அடுத்த படியை மட்டும் பார்த்துக் காலை முழுதாக ஊன்றி, அலை அடங்கியதைக் கழுத்தில் உணர்ந்தபின் அடுத்த காலை எடுக்கிறார். பெரும் கூட்டம், ஆட்டம், பாட்டு, நிறைபாத்திரம் என்று எண்ணெய்ப் பாத்திர உவமையின் உறுப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. வாள் மட்டும் இல்லை, அதன் இடத்தில் நேர்த்தி இருக்கிறது.

யோகாசனத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பத்தமடையில் பிறந்து, 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையில் தொழிலாளருக்கு மருத்துவம் பார்த்து, 1923இல் துறவை நாடி இந்தியா திரும்பிய மருத்துவர் குப்புசாமியே பின்னாளில் ரிஷிகேசத்தின் சுவாமி சிவானந்தர். அவருடைய மாணவர்கள் மேலைநாடுகளில் பரப்பிய ஆசன முறை, ஜான் கபாட்-சின் 1979இல் அமெரிக்க மருத்துவமனையொன்றில் நாள்பட்ட நோயாளருக்காகத் தொடங்கிய எட்டு வார விழிப்புநிலைப் பயிற்சியில் ஹட யோகம் ஒரு பகுதியாகச் சேர்வதற்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது. மலேசியாவிலோ, 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் மந்திரமும் வழிபாடும் கலந்த யோகம் முஸ்லிம்களுக்கு உகந்ததன்று என்று அறிவித்தது. அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி, மந்திரமின்றி உடற்பயிற்சியாகச் செய்வதற்குத் தடையில்லை என்று விளக்கினார். பல சமயத்தார் வாழும் நாட்டில் ஒவ்வொரு மரபும் தன் எல்லையைத் தானே வரையறுத்துக்கொள்வது இயல்பே. தொழுகையின் ஒவ்வொரு நிலையிலும் உடல் முழுமையாக அடங்கிய பிறகே அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும் என்ற ஒழுங்கும், தித்திவாங்சா ஏரிக்கரையில் அதிகாலையில் தைச்சி பழகும் சீன முதியோரின் மெல்லசைவும், நிதானம் ஓர் இனத்தின் தனிச்சொத்து அன்று என்பதைக் காட்டுகின்றன.

அசைவுவழிப் பயிற்சிக்கு மருத்துவ நோக்கிலும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. மிகுந்த பதற்றம் உடையவர்கள் கண்மூடி மூச்சைக் கவனிக்கும்போது சில வேளைகளில் பதற்றம் கூடுவதை அனுபவமுள்ள ஆசிரியர்கள் அறிவர். மூச்சு மிக நுட்பமானது, பதற்றத்தின் முதல் அடையாளமும் அதுவே. உள்ளங்காலில் தரை அழுந்தும் உணர்வோ பருமையானது, எளிதில் கிடைப்பது, அச்சத்தோடு பிணையாதது. எனினும் மனச்சோர்வு நோயாக முற்றியவருக்கு நடையும் அடவும் மருத்துவருக்கு மாற்றாகிவிட மாட்டா. அவை துணை நிற்கும், அவ்வளவே.

நகரத்தில் ஒவ்வோர் அடியையும் அறிந்து நடப்பவர்கள் பிரிக்பீல்ட்சில் அன்றாடம் கண்ணில் படுகிறார்கள். 1951இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், வெண்கோல் ஏந்தியோர் ரயில் நிலையத்துக்கும் சங்கத்துக்கும் தாங்கள் வேலை செய்யும் உடல்பிடி நிலையங்களுக்கும் இடையில் நடந்த வண்ணம் இருக்கின்றனர். நடைபாதையில் பதிக்கப்பட்ட மஞ்சள் கற்களில் நீள்வரி இருந்தால் தொடர்ந்து செல்லலாம், புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும்; கோலின் நுனியும் உள்ளங்காலும் அதைப் படிக்கின்றன, சாலையைக் கடப்பதற்கு முன் காது வண்டிகளின் தொலைவை அளக்கிறது. அவர்களின் கவனம் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டதன்று, பாதுகாப்புக்காகக் கட்டாயமானது. ஆகவே அதைப் பார்த்து வியப்பதைவிட அவர்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

நிதானமாக நடக்க ஓர் ஊரில் முதலில் நடைபாதை வேண்டும். கோலாலம்பூர் மாநகர் மன்றமும், 2024 பிப்ரவரியில் மாநகர் தகுதி பெற்ற கிள்ளானின் மன்றமும் உடைந்த கற்களையும் மூடியில்லாத சாக்கடைகளையும் சரிசெய்ய வேண்டும். கோயில் நிர்வாகங்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் பிராகாரத்தை நாற்காலிகளும் விற்பனை மேசைகளும் இல்லாமல் திறந்துவைக்க வேண்டும். நடன ஆசிரியர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடத்தை முதற்காலத் தட்டடவுக்கே ஒதுக்கி, அந்நேரத்தில் பெற்றோரின் கைப்பேசிகளை வெளியில் வைக்கச் சொல்ல வேண்டும். இவை எவற்றுக்கும் காத்திராமல் வாசகர் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பிரிக்பீல்ட்சில் சாப்பாட்டுக்கடை முன்னே அவசரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்துபவர், அதன் சக்கரம் மஞ்சள் கற்களின் மேல் நிற்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்து, நின்றால் இரண்டடி தள்ளி நிறுத்த வேண்டும்.